ஹாரன் அடிச்சேன்ல அண்ணாச்சி!

"நாயை மொதல்ல ஒழுங்காப் பழக்குங்க அண்ணாச்சி."

இதை எனக்குச் சொல்லாத ஆள் வாசுதேவநல்லூரில் இன்னும் யாராவது பாக்கி இருந்தால், தயவு செய்து சீக்கிரம் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். பால்காரர் சொல்லிவிட்டார். சலூன்காரர் பாதி சவரத்தில் கத்தியை நிறுத்திச் சொன்னார். கேஸ் போட வந்த தம்பி சிலிண்டரைத் தோளை விட்டு இறக்காமலே சொன்னான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், யாரென்றே தெரியாது, ரசம் வருவதற்குள் மொத்த ட்ரெயினிங் கோர்ஸையும் முடித்துவிட்டார். சாராம்சம்: பெல்ட்டால் ரெண்டு போடணும்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் டைகர். புலித்தேவர் சீமையில் வேறென்ன பேர் வைப்போம்? ராஜபாளையம் நாய். நல்ல உயரம், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அந்த மூக்கு முழுசாக இருந்து நான் பார்த்த நாள் குறைவு. ஒரு நாள் கருவேல முள், ஒரு நாள் கம்பி வேலி, ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள். நிறுத்தி வைத்திருந்த சைக்கிளில் போய் மோதுகிற நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், காட்டுகிறேன்.

காலையில் வாய்க்கால் கரையில் கூட்டிக்கொண்டு போவேன். நம்ம பக்கம்தான் இப்போது கோழியைவிட மயில் அதிகமாச்சே. எலுமிச்சைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு வெளியே வரும். அவ்வளவுதான். டைகரின் கழுத்து நீளும், முன்காலில் ஒன்று மடங்கி அந்தரத்தில் நிற்கும், கண் ஒரே புள்ளியில் குத்தி நிற்கும். கையில் சங்கிலி இருப்பதை நான் நினைப்பதற்குள் சங்கிலி கையில் இருக்காது. மயில் சாவகாசமாகப் பறந்து தென்னை மரத்தில் உட்காரும். நம்மாள் மட்டும் நேராகப் போய் ஈபி கம்பத்துக்குத் தாங்கலாகக் கட்டிய கம்பியில் மோதிக் கீழே விழும். எழுந்து, அந்தக் கம்பியைப் பார்த்துக் குரைக்கும்.

இதில் அதன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ராஜபாளையம் நாய் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் ஜாதி. தூரத்தில் ஏதாவது அசைந்தால் துரத்து என்று தலைமுறை தலைமுறையாக அதைப் பொறுக்கி வளர்த்தது நாம்தான். காட்டுப் பன்றியைத் துரத்துவதற்கென்று உண்டான உடம்பைத் தெருவில் கட்டிப்போட்டுவிட்டு, "கவனம் பத்தலையே" என்றால் எப்படி?

கோபமெல்லாம் வேறு விஷயத்தில். கூப்பிட்டால் டைகர் திரும்பும். ஆனால் நான் நிற்கிற பக்கம் திரும்பாது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் இடப்பக்கம் பார்க்கும், பிறகு பின்னால், பிறகு வானத்தை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. "சவத்து மூதி, கூப்புட்டா எங்க பாக்கு பாருங்க!" ராத்திரி தூங்கும்போது இன்னொரு வேடிக்கை. ஒரு பக்கமாகப் படுத்திருந்தால் குக்கர் விசிலுக்கே துள்ளி எழும். மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாலோ, தீபாவளி சரவெடிக்கும் அசையாது.

இதைச் சொன்னதும் திருநெல்வேலி டாக்டர் ஒருத்தர் பாயின்ட்டைப் பிடித்துவிட்டார். ஒரு காது கேட்கவில்லை. நல்ல காதை அமுக்கிப் படுத்தால் உலகம் ஆஃப். நாம் சத்தத்தின் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? இரண்டு காதுக்கும் அது வந்து சேர்கிற நேரத்தில் ஒரு துளி வித்தியாசம் இருக்கிறது, அதை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. ஒரே காதென்றால் கணக்கு ஏது? சத்தம் கேட்கும், எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. பாவம், அது சுற்றிச் சுற்றித் தேடுகிறது. ஊர் அதற்கு வைத்த பேர் கிறுக்கு.

இப்படிப்பட்ட ஒரு ஜீவனை மெயின் ரோட்டில் கற்பனை செய்து பாருங்கள். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலை, நம்பர் 744, நம்ம ஊர் வழியாகத்தானே போகிறது? கேரளாவுக்குப் போகிற லாரி, மதுரை - தென்காசி பஸ், குற்றாலம் சீசன் என்றால் ஜன்னல் வழியே ஈரத் துண்டு பறக்கும் வேன்கள். யாருக்கும் பிரேக் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும். பாம்... பாம்... பாஆஆம்!

அப்படித்தான் ஒரு நாள் சாயங்காலம். சாரல் லேசாக விழுந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து மெயின் ரோடு திரும்புகிற முக்கில் ஒரு பைக். ஹாரன் சத்தம் கேட்டதும் டைகர் பழக்கப்படி எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே பின்வாங்கிப் பைக்குக்கு முன்னால் போய் நின்றது. அப்புறம் முன்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு கத்து. அந்தப் பையன் காலை ஊன்றி நின்று சொன்னானே ஒரு வார்த்தை:

"ஹாரன் அடிச்சேன்ல அண்ணாச்சி! நாயி வெலக மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

கேட்டீர்களா? அவன் கெட்ட பையன் இல்லை. உண்மையிலேயே தன் கடமை முடிந்துவிட்டது என்று நம்புகிறான். ஹாரன் அடித்தாயிற்று, இனி நீ பார்த்து விலகணும். விலகாவிட்டால் தப்பு உன் மேல். நாய், மாடு, சைக்கிள் மிதிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாருக்கும் இதே சட்டம்தான். வேகத்தைக் குறைக்கிற பேச்சே இல்லை.

நிஜச் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது, தெரியுமோ? தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194எஃப் என்று ஒரு பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. காதைப் பிளக்கிற, ராகம் ராகமாகப் பாடுகிற ஹாரனுக்கு 1989 விதிகளிலேயே தடை. இதற்கு ஃபைன் கட்டிய ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கலியாண வேனில் ஏர் ஹாரனில் சினிமாப் பாட்டே வாசிக்கிறான்கள், நாம் பிள்ளையைத் தூக்கிக் காட்டி ரசிக்கிறோம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இருக்கிறார். காது மந்தம். மெஷினை மாட்டினால் தலை வலிக்கிறது என்று பீரோவில் வைத்திருக்கிறார். அவரும்தான் தினம் கீரை வாங்க ரோட்டைக் கடக்கிறார். இந்தியாவில் ஆறு கோடிப் பேருக்கு மேல் கேட்கும் திறனில் குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தனை பேரையும் என்ன செய்வதாக உத்தேசம்? பழக்கணுமா? பெல்ட்டால் ரெண்டு போடணுமா?

டைகரின் காலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன கதையை நீட்ட விரும்பவில்லை. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். லோடு ஆட்டோ பிடித்து, பின்னால் சாக்கு விரித்து, மடியில் போட்டுக்கொண்டு இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி வரைக்கும் போனோம். வழியெல்லாம் அது போகிற வருகிற ஆட்டைப் பார்த்து வால் ஆட்டிக்கொண்டே வந்தது. சின்ன விரிசல்தான். கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டை மறுநாளே கடித்துத் துப்பிவிட்டது, அது தனி.

இப்போது அந்தக் காதுக்கு வருவோம். குட்டியை விற்றவர் என்ன சொல்லி விற்றார்? "பாலு மாதிரி வெள்ளை அண்ணாச்சி. ஒரு புள்ளி கெடையாது, நல்லாப் பாத்துக்கிடுங்க. மூக்கு ரோஸு." புள்ளி இல்லாததுதான் விலை. அங்கேதான் வினையும் இருக்கிறது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். உள்காதில் கேட்பதற்கென்று இருக்கிற நுணுக்கமான செல்களுக்கு ஊட்டம் போவது அவற்றை நம்பித்தான். நிறமே வேண்டாம், வெள்ளை வேண்டும், அதைவிட வெள்ளை வேண்டும் என்று பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்தால், சில குட்டிகளுக்குக் காதுக்குள்ளும் அந்த நிறச் செல்கள் வந்து சேராது. நாய்க்குட்டிக்குக் காது திறக்கவே ரெண்டு வாரம் ஆகும். முதல் மாசம் முடிவதற்குள் உள்ளே இருப்பது வாடிச் செத்துப்போகும். அப்புறம் மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. வெளிநாட்டு டால்மேஷன் நாய்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில் பத்துக்குச் சுமார் மூன்று நாய்க்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அங்கே டெஸ்ட் பண்ணுகிறார்கள். மூளைக்கு சிக்னல் போகிறதா என்று மின்முனை ஒட்டிப் பார்த்து, கேட்காத நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் ஒதுக்குகிறார்கள். இங்கே? "ரோஸு மூக்கு அண்ணாச்சி."

ராஜபாளையத்திலும் ஒரு காலத்தில் கறுப்பு, பழுப்பு, திட்டுத் திட்டாக எல்லா நிறத்திலும் குட்டி பிறந்திருக்கிறது. வெள்ளை இல்லாததை வைத்துக்கொள்ளாமல் கழித்துக் கட்டினார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் "சிவப்பு நிறம்" என்று போடுகிற ஊர், நாயை மட்டும் விட்டுவிடுமா என்ன?

பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 2005-இல் தபால்தலை வந்தது. 2020-இல் பிரதமர் ரேடியோவில் பெயர் சொன்னார். பாளையக்காரர் காலத்தில் கும்பினியான் குதிரைமேல் பாய்ந்த நாய் என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்கே மீசை முளைக்கும். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்த ஊர். குட்டிக்கு ரெண்டு காதும் கேட்குதா என்று விற்பதற்கு முன்னால் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற ஒரு இடம் மட்டும் என் கண்ணில் படவில்லை.

பழக்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். டைகருக்கு இப்போது கை ஜாடை தெரியும். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் உட்காரும். கையை மார்புக்கு இழுத்தால் வரும். இருட்டில் டார்ச்சை ரெண்டு தடவை அணைத்து ஏற்றினால் வீட்டுக்குள் ஓடி வரும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் தரையில் காலால் தட்டுவோம், அதிர்வு தெரிந்து எழும். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. ஒரு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்றே அதற்குப் புரியாது. அடி, திட்டு எதுவும் தேவைப்படவில்லை. கேட்காத நாய் எப்போதும் நம் முகத்தையே பார்க்கிறது. மயில் வராதவரைக்கும்.

ஆனால் நான் வாசலுக்குள் பழக்குவதைத் தெரு வெளியே கெடுக்கிறதே, அதற்கு என்ன செய்ய? பிரியாணிக்கடை எலும்பைச் சாக்கடை ஓரம் கொட்டுகிறார்கள். வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும், சொன்னால், "நாயி எலும்பு திங்காம இட்லியா திங்கும்?" குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை மாசக்கணக்கில் மூடவில்லை. டைகர் விழுந்து எழுந்ததுதான் அங்கே நடந்த ஒரே இன்ஸ்பெக்ஷன். வாய்க்கால் கரை முழுக்க பீர் பாட்டில் சில்லு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப் பன்றிக்கு வெடி வைக்கிறவர்கள் வேறு. அவுட்டுக்காய் கடித்து வாய் சிதறிய நாய், மாடு, யானைக்குட்டி என்று பேப்பரில் படிக்கிறோமே. அதனால் அந்தப் பக்கமே நாங்கள் போவதில்லை. எந்தப் பக்கம்தான் போவது?

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். கூடப் பிறந்த குட்டிகளோடு விட்டுப் பார்க்காதீர்கள். மற்றவை ஓடினால் கேட்காததும் கூடவே ஓடிவிடும், கண்டுபிடிக்க முடியாது. தனியாகத் தூக்கி வந்து, அதன் கண்ணில் படாமல், காற்று அடிக்காத தூரத்தில் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். ரெண்டு பக்கமும் ஆட்டுங்கள். சத்தம் வந்த பக்கம் சரியாகத் திரும்புகிறதா பாருங்கள். மூக்கில் ரெண்டு கறுப்புப் புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டைகரின் கழுத்தில் இப்போது சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். வாசுதேவநல்லூர் வழியாக வண்டியில் போகிறவர்கள், சிவப்புத் துணி கட்டிய வெள்ளை நாய் ரோட்டோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். அது உங்கள் பக்கமே வந்துவிடும். பிரேக்கில் காலை வையுங்கள்.