10 நிமிடம் லேட், 5 நிமிடம் சீக்கிரம்... ஆபீஸ் எவ்வளவு தூரம்?

தினமும் ஒரே நேரத்துக்கு பைக்கை எடுக்கிறார் ஒருவர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் ஆபீஸுக்கு 10 நிமிடம் லேட். 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறார். வீட்டிலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்?

ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த மாதிரி கணக்கு பழகிய முகம்தான். முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். அதில் 30 கணிதம். ஒரு விடை தப்பினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிந்துவிடும். மூன்று தப்பு செய்தால், கஷ்டப்பட்டு வாங்கிய ஒரு மார்க் போச்சு!

தூரம் = வேகம் × நேரம். இது தெரியாதவர் யாரும் இல்லை. பிறகு ஏன் தப்புகிறது?

முதல் சறுக்கல், 10-லிருந்து 5-ஐக் கழிப்பது. ஆபீஸ் 9 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் 9.10-க்குப் போகிறார், மறுநாள் 8.55-க்கே போகிறார். இடைவெளி 5 நிமிடமா? இல்லை, 15 நிமிடம். கூட்ட வேண்டிய இடம் இது. கேள்வியைப் படித்ததும் இப்படி ஒரு கடிகார நேரத்தை ஓரமாக எழுதிக்கொண்டால் குழப்பமே வராது.

இரண்டு நாளும் மாறாதது எது? தூரம். அதை x என்று வைப்போம். 40-ல் போனால் ஆகும் நேரம் x/40. 50-ல் போனால் x/50. இரண்டுக்கும் வித்தியாசம் 15 நிமிடம், அதாவது 1/4 மணி.

x/40 − x/50 = 1/4
x/200 = 1/4
x = 50 கி.மீ.

இங்கே 1/4-க்குப் பதில் அவசரத்தில் 15 என்றே எழுதினால் விடை 3,000 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கே போய்விடலாம்!

சரிபார்க்க அரை நிமிடம் போதும். 50 கி.மீ. தூரத்தை 40-ல் கடக்க 75 நிமிடம், 50-ல் கடக்க 60 நிமிடம். வித்தியாசம் 15. சரி. (ஆபீஸுக்கு 50 கி.மீ. பைக்கிலா என்று செங்கல்பட்டு பக்கமிருந்து தினமும் சென்னைக்கு வருபவர்கள் கேட்க மாட்டார்கள்.)

அதே ஆள், அதே நேரத்துக்குக் கிளம்பி, 'டாண்' என்று 9 மணிக்குப் போய்ச் சேர என்ன வேகம் வேண்டும்? நடுவில் 45 என்று சொல்லத் தோன்றும். அவர் கையில் இருப்பது 65 நிமிடம். 50-ஐ 65/60-ஆல் வகுத்துப் பாருங்கள். 46-ஐயும் கொஞ்சம் தாண்டும்.