"யாருக்கும் தெரியாது" என்று நாம் சொல்லும்போது

மட்டாஞ்சேரிக்காரர்கள் குழந்தையின்மைக்கு மட்டாஞ்சேரியிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தாலும் பாலம் தாண்டி எறணாகுளம் வருகிறார்கள். ஊரின் அமைப்பு அப்படி. கொங்கணிகள், குஜராத்திகள், கட்ச்சி மேமன்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், ஃபோர்ட் கொச்சி வெளியில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் என எல்லோரும் நெருக்கியடித்து வாழும் இடம் அது. ஒரு மருமகள் காலையில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள் என்பது சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும்.

கணவருக்கு விந்தணு இல்லை, டோனர் மூலம் ஐயூஐ செய்யலாம் என்று சொன்னதும், வெற்றி வாய்ப்பைக் கேட்பதற்கு முன்பே இப்படி ஒரு தம்பதி கேட்பது: "டாக்டர், வெளியே தெரியாதுல்ல?" நாமும் கோப்பை மூடிக்கொண்டே, "யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீங்க" என்கிறோம். இந்த ஆசிரியர் உரை அந்தப் பதிலைப் பற்றியது.

பதிலில் ஒரு பாதி நம் கடமை. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், தம்பதி பற்றியும் கொடையாளர் பற்றியும் உள்ள விவரங்களை நாம் வெளியிடக் கூடாது என்கிறது. தேசியப் பதிவேட்டுக்கும், தம்பதியே கேட்கும் மருத்துவ அவசரத்துக்கும், நீதிமன்ற உத்தரவுக்கும் மட்டுமே விலக்கு. மாமியாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரியாமல் காப்பது அந்தப் பாதியோடு முடிகிறது. மறு பாதியில் நாம் சொல்லாமல் சொல்வது வேறு: பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் தெரிய வேண்டாம், பிறக்கும் பிள்ளைக்கும் என்றைக்கும் தெரிய வேண்டாம். இந்த அறிவுரையை எந்தச் சட்டமும் நம்மிடம் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத் துறையில் உள்ளவர்கள் மறக்கக் கூடாது. 1884இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் பான்கோஸ்ட் என்ற பேராசிரியர், ஒரு வணிகரின் மனைவிக்கு மயக்கம் கொடுத்து, மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். கணவரிடம் பிறகு சொன்னார். மனைவிக்குச் சொல்லவே இல்லை. 25 வருடம் கழித்து, 1909இல், அங்கே மாணவராக இருந்த அடிசன் டேவிஸ் ஹார்டு எழுதியபோதுதான் வெளி உலகுக்குத் தெரிந்தது. பெண்ணின் சம்மதம் இன்று கட்டாயமாகிவிட்டது. மூடி மறைத்தால் எல்லாம் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அதன் மிச்சங்கள் நம் அறைகளிலும் உண்டு. கணவரின் விந்தோடு டோனருடையதையும் கலந்து செலுத்துவது ஒரு காலத்தில் கருணை என்று கருதப்பட்டது. இரண்டு பேரின் விந்தைக் கலக்கக் கூடாது என்று சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. ஆனால், "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து இருங்க, யாருடையதுன்னு யாருக்குத் தெரியும்" என்ற அறிவுரையை எந்தச் சட்டத்தாலும் பிடிக்க முடியாது. இரண்டு பரிசோதனையிலும் ஒரு விந்தணுகூட இல்லாத மனிதரிடம் இதைச் சொல்வது பொய். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் இருபது வருடம் அந்தப் பிள்ளையின் முகத்தில் தன் ஜாடையைத் தேட வேண்டியிருக்கும். அதை ஆறுதல் என்று நாம் அழைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த மனிதரைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பாருங்கள். ஒப்புதல் படிவம் பல பக்கம், எல்லாம் ஆங்கிலம். வீட்டில் தமிழோ கொங்கணியோ, கடையில் மலையாளம் பேசுகிறவர் அவர். பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருகிறார். 'டோனர்' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் பேனா நிற்கிறது. "என் தம்பிகிட்ட வாங்கக் கூடாதா?" என்று கேட்கிறார். கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாக, அடையாளம் தெரியாத கொடையாளரிடமிருந்துதான் வர வேண்டும். 2005ஆம் வருட ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலே உறவினர், நண்பர் விந்தை விலக்கியது. ஆனால் அவர் கேட்டது சட்டத்தை மட்டுமா? தன் ரத்தம் ஒரு துளியாவது இருக்காதா என்றும் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும், மனைவி இல்லாத தனி அறை வேண்டும், அவர் மொழி பேசும் ஒருவர் வேண்டும். ஃபாலிகிள் ஸ்கேனுக்கு வந்த அன்றே இதை முடிக்க முடியாது. ஆலோசனை தருவது கிளினிக்கின் கடமை என்று சட்டம் எழுதியிருக்கிறது. அதை நாம் கையெழுத்தாகச் சுருக்கிவிட்டோம்.

அந்தப் பேச்சு அவருக்கு இன்னொரு வாசலையும் திறக்கும். ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோம் விடுபாடு பரிசோதனைகள் முடிந்தனவா, மைக்ரோ டீசே செய்து விந்தகத்திலிருந்தே விந்தணு எடுக்க வாய்ப்பு உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. இக்சி வந்த 1992க்குப் பிறகு டோனர் என்பது முதல் பதிலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செலவு தாங்காமல் டோனரைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட ஆவணத்தில் இதை ஏற்கவில்லை. சுன்னி முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோர் மூன்றாம் நபரின் விந்தை ஏற்பதில்லை. பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நாகரிகம் ஆகாது. பேசிய பிறகு அவர்கள் தத்தெடுப்பை நோக்கிப் போனால் நாம் தோற்றுவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை.

பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வருமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. வராது. 31ஆம் பிரிவின்படி பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை, கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. தனித்து வாழும் பெண் இப்படிக் கருத்தரித்தபோது, தந்தை பெயர் கேட்கும் படிவத்தை மாற்றித் தனிப் படிவம் தரும்படி கேரள உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. காகிதத்தில் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை.

குறை வீட்டுக்குள் வரலாம். பிள்ளையிடம் சொல்லியே தீர வேண்டும் என்று நாம் கட்டளை போட முடியாது. சொல்லாதீர்கள் என்று கட்டளை போடவும் நமக்கு உரிமை இல்லை. கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்போக் குழுவினர் இத்தகைய குடும்பங்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்கு முன்பே உண்மை அறிந்த பிள்ளைகளின் மனநலமும் தாயோடுள்ள உறவும் நன்றாக இருந்தன. ஸ்வீடன் 1985லும் பிரிட்டன் 2005லும் கொடையாளரின் பெயர் மறைப்பை நீக்கின. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் பிள்ளை முப்பது வயதில் ஒரு இதய மருத்துவர் முன் உட்கார்ந்து, "அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சினை உண்டு" என்று தவறான குடும்ப வரலாற்றைச் சொல்லும் நிலை இங்கேயும் உண்டு. கிளினிக்கில் பதிவேடுகளைப் பத்து வருடம் காத்துப் பிறகு தேசியப் பதிவேட்டுக்கு மாற்றச் சொல்கிறது சட்டம். பத்து வயதில் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்டு வராது. மாற்றிய பிறகும் ஒரு பிரதி நம்மிடம் பத்திரமாக இருக்க வழி தேட வேண்டும்.

ஒரு கொடையாளர் ஒரு தம்பதிக்கு மட்டுமே என்ற விதியால், இரண்டாவது குழந்தைக்கும் அதே கொடையாளர் வேண்டும் என்றால் குப்பிகளை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். இதைத் தம்பதியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ரகசியம் உடனே உடலைத் தொடும் இடம் வேறு. கர்ப்பம் உறுதியானதும் பெண் மட்டாஞ்சேரிக்கே திரும்பிப் போய்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாதாமாதம் காட்டுகிறாள். மாமியார் கூடவே உட்கார்ந்திருக்கிறார். அவள் ரத்த வகை நெகட்டிவ், கணவரும் நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் கணக்குப் போட்டு ஆன்டி-டி ஊசி தேவையில்லை என்று விட்டுவிடுவார். நெகட்டிவ் கொடையாளர் கிடைக்காமல் பாசிட்டிவ் குப்பியை ஏற்றுக்கொண்டது நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் முன்னால் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? தலசீமியாவும் இப்படித்தான். குஜராத்தின் லோஹானா, கட்ச் பானுஷாலி சமூகங்களில் பீட்டா தலசீமியா மரபணு கூடுதலாகக் காணப்படுவது நமக்குத் தெரியும். மனைவி அந்த மரபணுவைச் சுமப்பவள் என்று தெரிந்தால் கணவரின் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். அது சரியாக இருக்கும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கொடையாளரின் ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டத்தின் கீழான விதிகள் கொடையாளருக்குப் பெயர் சொல்லி விதிக்கும் பரிசோதனைகள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவை. எல்லாம் தொற்று நோய்கள்.

ஆகவே முதல் சுழற்சிக்கு முன்பே மனைவிக்கு எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்யுங்கள். அவள் மரபணுவைச் சுமப்பவள் என்றால் கொடையாளரின் அறிக்கையை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்காமல் குப்பியைத் திறக்காதீர்கள். கர்ப்பத்தோடு அனுப்பும்போது ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். அதில் டோனர் என்ற சொல்லே வர வேண்டாம். அவள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28ஆம் வாரத்தில் ஆன்டி-டி 300 மைக்ரோகிராம் கொடுக்கவும், பிறந்த குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் கொடுக்கவும், கணவரின் ரத்த வகையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம், தலசீமியா பரிசோதனைகள் எங்களிடம் முடிந்துவிட்டன, சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் அழைக்கவும் என்று எழுதினால் போதும். மாமியாரே உறையைப் பிரித்துப் படித்தாலும் அதில் மருந்தின் பெயர்தான் இருக்கும்.