நுகத்தடிக்கு நிறம் உண்டா?

யப்பான் வெள்ளையனை விரட்டியதனாலேயே ஆசியா விழித்தது. அதன் ஆட்சி கொடியதாயினும் ஆசியர் ஆட்சியே என்றொரு வாதம் இன்றும் ஒலிக்கின்றது. படித்தவர் சிலரும் இதனைத் தேசாபிமானமெனக் கருதித் தலையசைக்கின்றனர். நாம் இதனை ஏற்கவில்லை. ஏகாதிபத்தியம் தோலின் நிறத்தில் இல்லை. பிறர் நிலத்தையும் உழைப்பையும் மொழியையும் பறிக்கும் முறையில் இருக்கின்றது. ஆசியர் ஆசியரை அடிமைகொண்ட வரலாறே இதற்குச் சான்று.

1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் ருஷ்யப் பேரரசின் கடற்படையை யப்பான் முறியடித்தபோது ஆசிய மக்கள் அடைந்த பெருமிதம் பொய்யன்று. ஐரோப்பிய வல்லரசொன்று தோற்கக்கூடியது என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். ஆனால், அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? அவ்வாண்டு யூலையில், பிலிப்பைன்சில் அமெரிக்க ஆதிக்கத்தைத் தீண்டுவதில்லை என யப்பான் உறுதிகூற, கொரியாவில் யப்பானின் மேலாதிக்கத்துக்கு அமெரிக்கத் தரப்பு இசைந்தது. ஆகஸ்டில் பிரித்தானியா, தன் இந்திய உடைமையைக் காக்க யப்பானின் துணையைப் பெற்றுக்கொண்டு, கொரியாவை அதன் கையில் விட்டது. நவம்பரில் கொரியா யப்பானின் 'பாதுகாப்பு நாடு' ஆக்கப்பட்டது. 1910இல் முற்றாக விழுங்கப்பட்டது.

யப்பானை விடுதலையின் விளக்கென நம்பி டோக்கியோ சென்ற வியட்நாமிய இளைஞரின் கதி என்ன? 1907இல் பிரான்சுடன் உடன்பாடு செய்த யப்பானிய அரசு, பின்னர் அம்மாணவரைக் கலைத்தது. 1909இல் அவர்தம் தலைவர் பான் போய் சாவையும் வெளியேற்றியது. கொள்ளையில் பங்கு கேட்டவனையா விடுதலை வீரன் என்பது?

கொரியாவில் நடந்தது வெள்ளையர் ஆட்சியின் மறுபதிப்பே. 1910 முதல் 1918 வரை நடந்த நில அளவையால் பழைய அரச நிலங்கள் குடியேற்ற அரசின் உடைமையாயின. அவற்றைத் தலைமுறையாக உழுதவரின் வழக்குரிமை ஏட்டில் ஏறவில்லை. 1920இன் பின் நெல் விளைச்சல் கூடியது. அதனினும் விரைவாக அரிசி யப்பானுக்குக் கப்பலேறியது. விளைவித்த உழவனோ மஞ்சூரியத் தினையை உண்டான். 1919 மார்ச் 1ஆம் நாள் சுதந்திரம் கேட்டு வீதிக்கு வந்த மக்களுக்குத் துப்பாக்கி பதில் கூறிற்று. சுவொன் நகருக்கு அண்மையில் ஒரு சிற்றூரில் மக்கள் தேவாலயத்தினுள் அடைக்கப்பட்டுத் தீயிடப்பட்டனர். 1938இல் கொரிய மொழி பாடசாலைகளிற் கட்டாயப் பாடமென்ற இடத்தை இழந்தது. 1940இல் குடும்பப் பெயரையே யப்பானிய முறைக்கு மாற்றுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். பெயரைக்கூடப் பறிப்பதா சகோதரத்துவம்?

1943 நவம்பரில் டோக்கியோவில் கிழக்காசிய மாநாடு கூடி, ஆசிய நாடுகளின் சுதந்திரத்தையும் கூட்டுச் செழிப்பையும் போற்றியது. ஆனால், அவ்வாண்டு மே மாதமே மலாயா, சுமாத்திரா, யாவா, போர்னியோ, செலிபிஸ் ஆகியன யப்பானின் சொந்த நிலமாகும் என அதன் ஆட்சியாளர் இரகசியமாக முடிவுசெய்திருந்தனர். மாநாட்டுக்கு முந்திய மாதத்தில் 415 கிலோமீற்றர் நீளமான சயாம்-பர்மா இருப்புப்பாதை முடிவடைந்தது. இரப்பர் ஏற்றுமதி நின்று பட்டினி கிடந்த மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும், பர்மியரும், யாவா மக்களும் நற்கூலி என்ற ஆசை காட்டியும், வளைத்துப் பிடித்தும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியிலும் பசியிலும் அவர்கள் பல்லாயிரவராக மாண்டனர். இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களினும் பன்மடங்காய் இறந்த ஆசியத் தொழிலாளரைச் சரிவர எண்ணியவர்கூட இல்லை. 'ஆசியா ஆசியருக்கே' என்ற முழக்கம் ஆசிய ஏழைக்கு அளித்த செழிப்பு இதுவே.

அப்படியாயின் வெள்ளையன் நல்லவனோ எனச் சிலர் கேட்பர். அன்று. 1945இல் யப்பான் சரணடைந்ததும் பிரெஞ்சுக்காரர் வியட்நாமுக்கும் ஒல்லாந்தர் இந்தோனேசியாவுக்கும் மீண்டும் நுகத்தடியோடு வந்தனர். பிரித்தானியப் படை இருவருக்கும் வழிசமைத்தது. சாய்கோனில் வியட்நாமிய மக்களை ஒடுக்கப் பிரித்தானியத் தளபதி பயன்படுத்திய படைகளுள் சரணடைந்த யப்பானியப் படையும் ஒன்று! நேற்றுவரை ஒருவரையொருவர் கொன்ற இரு ஏகாதிபத்தியங்கள், அடிமை எழுந்ததும் ஒரே அணியில் நின்றன. இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமா? ஆசியாவை விடுவித்தவர் இவ்விரு திறத்தாரையும் எதிர்த்து நின்ற மக்களே.

ஆசிரியத் தோழர்களே, வகுப்பறையில் 1905ஐக் கற்பிக்கும்போது சுஷிமாவோடு நின்றுவிடாது, கொரியா விற்கப்பட்ட நவம்பரையும் கற்பிப்போம். ஆள வருபவன் எந்த நிறத்தவன் எனக் கேட்பதோடு அமையாது, நிலம் யாருடையது, விளைச்சல் எங்கே செல்கின்றது, உழைப்பவன் எந்த மொழியில் தன் பெயரை எழுதுகின்றான் எனக் கேட்க மாணவரைப் பழக்குவோம். இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த தலைமுறையை எந்த முழக்கமும் எளிதில் ஏமாற்றாது.