மண்ணெண்ணெயில் ஓடிய கார்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருந்தால் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எங்கள் பக்கம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பழைய கார் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள். லீவில் வருகிற வெளிநாட்டு உறவுகளும் கேட்கிறார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர் எதுவானாலும் சரி. வளவுக்குள் கோழி முட்டையிடுகிற காராக இருந்தாலும் பரவாயில்லையாம். காசைக் கையில் வைத்துவிட்டு அன்றைக்கே லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

விற்பவரை நான் குறை சொல்லமாட்டேன். மகளின் கலியாணம் இருக்கும், வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருக்கும். வாங்குபவரையும் குறை சொல்லவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் இதை வீண்விரயம் என்றார். மூன்று வருடத்துக்கு ஒருக்கா லீசிங் எடுத்துப் புதுக் கார் மாற்றுபவரை விட, எழுபது வருடக் காரைத் திருத்தி ஓடுபவர் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். என் கவலை வேறு. அந்தக் காரில் எதைக் கொடுக்கிறோம் என்று நமக்கும் தெரியவில்லை, எதை வாங்குகிறோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பழைய கார்ப் பிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களை. கூரையைக் கழற்றிவிட்டு ஓடுகிற எம்ஜிஏ, முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே நிற்கிற ஒஸ்ரின் ஹீலி ஸ்ப்ரைட். வடிவான கார்கள்தான், மறுப்பில்லை. ஆனால் பொனற்றைத் திறந்து பாருங்கள். 1955இல் வந்த எம்ஜிஏயின் 1,489 சிசி எஞ்சின், அதற்கு முந்தின வருடம் வந்த ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிட்ஜில் இருந்த அதே பி சீரிஸ் எஞ்சின். ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு காபரேற்றர் பூட்டி, நெருக்கல் விகிதத்தைக் கூட்டி, வேகத்தை எடுத்தார்கள். 1958இல் வந்த ஸ்ப்ரைட்டுக்கும் மொறிஸ் மைனர் 1000இன் 948 சிசி எஞ்சினைத்தான் கொஞ்சம் மெருகேற்றிப் போட்டார்கள். எல்லாம் பிஎம்சி என்ற ஒரே பிரித்தானியக் கம்பனியின் சாமான். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று பந்தயத்துக்குப் போனது, மற்றது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஹயர் ஓடியது.

வேகத்துக்காகக் கூட்டாமல் விட்ட அந்தக் குறைந்த நெருக்கல்தான் பிறகு நம் சனத்துக்குக் கைகொடுத்தது. 1990இல் தடை வந்த பிறகு வடக்கில் பெற்றோல் தங்கத்துக்குச் சமம். மண்ணெண்ணெய் ஓரளவு கிடைத்தது. நெருக்கல் கூடின எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் தட்டத் தொடங்கிவிடும். பழைய ஒஸ்ரின் அதைத் தாங்கியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலிலோ தகரத்திலோ பெற்றோல் வைத்து, ரியூப் இழுத்து, அதில் ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கவனமான டிரைவர் நிற்பாட்டுவதற்கு முன்னும் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட்டு, காபரேற்றரில் அதை மிச்சம் வைத்துக்கொள்வார். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்த ஒயிலும் கிடைக்காத காலம் அது. வெள்ளைப் புகையும் கண் எரிச்சலுமாகத்தான் பிரசவத்துக்கும் காயத்துக்கும் ஆஸ்பத்திரி போனார்கள்.

நான் இதைக் கண்ணால் கண்டவன் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவும் உம்மாவும் புத்தளம் போனார்கள். அப்போது வாகனத்தையும் வீட்டோடு விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். இந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்தது, நாங்கள் திரும்பி வந்த பிறகு பழக்கமான ஒரு மெக்கானிக் ஐயா. எழுபது வயது தாண்டிவிட்டது. ஸ்பார்க் பிளக் ஒன்றை எத்தனை தரம் சுரண்டித் திரும்பப் போடலாம் என்று அவரிடம் கேட்க வேண்டும். இன்னொரு விசயமும் இருக்கிறது. இங்கே ஒரு பிளக்குக்கு அலைந்த அதே 90களில், இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் பிரியர்களுக்கான தகட்டுப் பாகங்கள் தெற்கு இலங்கையில் செய்து கப்பலில் போய்க்கொண்டிருந்தன! ஒரே நாடு.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை போன வாகனங்கள் அங்கேயே குவிந்து கிடந்தன. அதில் எவ்வளவோ பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டது. இரும்பு வியாபாரம் எங்கள் சமூகத்தின் பழைய தொழில், அதனால் இந்த வரியை எழுதக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. இப்போது வளவுகளில் நிற்பது அதற்கெல்லாம் தப்பிய மிச்சம்.

இந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள்? சிலர் ஜப்பான் எஞ்சினைப் போட்டு ஏசி பூட்டுகிறார்கள். அவர்களை விடுங்கள். நல்ல ரசனையுள்ளவர்கள் “ஒரிஜினலுக்குக் கொண்டுவருகிறோம்” என்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த நிறம், இருந்த திருகாணி. அதற்காக முதலில் கழற்றி எறிவது அந்தப் போத்தல் தாங்கியையும் இருவழிக் குழாயையும், உள்ளூர்ப் பட்டறையில் கடைந்த பாகங்களையும். ஒட்டுவேலை, அசிங்கம் என்கிறார்கள். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தின ஈஎன், ஈஎல் இலக்கத் தகடு என்றால் மட்டும் தனி மதிப்பு. 1958இல் அந்தச் சிங்கள ஸ்ரீயில் தார் பூசிய கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். தகடு சரித்திரம் என்றால் மண்ணெண்ணெய்க் குழாய் மட்டும் ஏன் குப்பை? பேர்மிங்ஹாமில் செய்த கேம்பிரிட்ஜ் உலகத்தில் எத்தனையோ நிற்கிறது. மண்ணெண்ணெய் குடித்து வன்னியில் ஓடிய கேம்பிரிட்ஜ் இங்கே மட்டும்தான்.

விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள். ஆனால் முதல் வந்தவர் சொன்ன விலைக்குத் தலையாட்டாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம். இணையத்தில் நாலு விளம்பரத்தைப் பார்க்க உங்கள் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். கொடுக்க முன் பொனற்றைத் திறந்து படம் எடுங்கள். யார் ஓடினார், எந்தப் பாதையில் ஓடியது, குழாயை யார் பூட்டினார் என்று ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை வாங்குபவரிடமும் கொடுங்கள். உண்மையான ரசிகன் என்றால் அதற்கும் சேர்த்துக் காசு தருவான்.

பாடசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகள் காபரேற்றரைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்க்கிறார்கள். அந்த ஐயாவை ஒரு நாள் கூப்பிட்டு, ஒரு பழைய எஞ்சினை மேசையில் வைத்துக் கழற்றிப் பூட்டச் சொன்னால் போதும். அதிபர்மார் யாராவது ஆயத்தம் என்றால் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், மோட்டார் சைக்கிளில் தனியாக வரமாட்டார்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா பக்கம் யாருடைய வளவிலாவது இப்படி ஒரு கார் நின்றால் கீழே படம் போடுங்கள். கலியாணத்துக்குச் சோடித்த படமாக இருந்தாலும் சரி. இலக்கத் தகடும், முடிந்தால் பொனற்றின் உள்பக்கமும் தெரியட்டும்.