உங்களுக்கு எந்த ஊர்?



கல்யாண வீட்டிலோ கிளினிக் வாசலிலோ இரண்டு பெண்கள் புதிதாகச் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். புத்தளத்தில் வாழும் வடபுலத்துச் சகோதரிக்கு இதற்குப் பதில் சொல்வது இலேசல்ல. யாழ்ப்பாணம் என்பதா, புத்தளம் என்பதா? புத்தளத்திலேயே பிறந்த அவரது மகள் என்ன சொல்வாள்? அரசியல் சிந்தனை, புவியியல், மானிடவியல் ஆகிய துறைகளின் அறிஞர்கள் இக்கேள்வியைப் பெரிய நூல்களாகவே எழுதியுள்ளனர். ஆங்கிலத்தில் இருப்பதால் அவை நம் வீடுகளுக்கு வருவதில்லை. அவற்றுட் சிலவற்றின் சாரத்தை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் ஹன்னா அரென்ட். 1933இல் ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பியோடிய யூதப் பெண்மணி. பல ஆண்டுகள் எந்த நாட்டின் குடியுரிமையும் இன்றி வாழ்ந்தவர். சர்வாதிகாரம் எவ்வாறு தோன்றியது என ஆராயும் அவரது நூல் 1951இல் வெளிவந்தது. மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உரிமை உண்டு என்று ஏட்டில் எழுதிவிடலாம். 'இவர் நம்மவர்' என்று ஏற்க ஓர் அரசோ சமூகமோ இல்லாதவர் அந்த உரிமையை யாரிடம் போய்க் கேட்பது? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. இன்றும் அரசியல் சிந்தனையாளர்கள் அதற்கு விடை தேடுகின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 70,000க்கும் அதிகமானோர் ஊரிழந்தனர். அவர்களது குடியுரிமை பறிபோகவில்லை என்பது உண்மைதான். ஆயினும் உலர் உணவு நிவாரணம், வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி என்று ஒவ்வொரு வாசலிலும் "நீங்கள் இந்த ஊரா?" என்று கேட்கப்பட்டவர்களுக்கு அரென்ட் சொன்னது நன்றாக விளங்கும்.

நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்ரின் புரூன் புத்தளத்தில் ஆய்வு செய்து எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. வந்தவர்களும் வரவேற்றவர்களும் ஒரே மண்ணில் எவ்வாறு இடம் தேடிக்கொண்டனர் என்பதே அதன் பொருள். தொடக்கத்தில் புத்தளத்து மக்கள் மதீனத்து அன்சாரிகளைப் போல் கை கொடுத்தனர். காலம் நீண்டபோது காணி, தொழில், பாடசாலை என நெருக்கடிகள் எழுந்தன. 'அகதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஷரிகா திரணகம 2011இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் 'என் தாயின் வீட்டில்' எனலாம். 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட டொக்டர் ராஜினி திரணகமவின் மகள் இவர். தாயை இழந்து, யாழ்ப்பாணத்தை விட்டுப் போன இவர், வடக்கு முஸ்லிம்களின் கதையையும் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். மூத்த தலைமுறைக்கு ஊர் என்பது நினைவு. பிள்ளைகளுக்கோ வளர்ந்த இடமும் ஊராகிவிட்டது என்பதை அதில் காண்கிறோம்.

இது துரோகமா? இல்லை, சகோதரிகளே. நபி (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிந்தபோது, தம் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் அதை விட்டுப் போயிருக்க மாட்டார்கள் என்ற கருத்தில் அவ்வூரை நோக்கிப் பேசியதாக ஹதீஸில் வந்துள்ளது. மக்கா வெற்றிக்குப் பின்னரும் அவர்கள் மதீனாவுக்கே திரும்பினார்கள். ஓர் உள்ளத்தில் இரண்டு ஊர்களுக்கு இடமுண்டு. இழந்த ஊரில் உள்ள உரிமையை, வாழும் ஊரைக் காட்டி எவரும் மறுக்க முடியாது.

ஆனால் உரிமைக்கு ஆதாரம் வேண்டும். யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் திரும்பியவர்களின் நிலையைப் பாருங்கள். ஆளில்லாத ஆண்டுகளில் காணிகளைக் காடு மூடியிருந்தது. தங்கள் பழைய நிலம் காட்டு எல்லைக்குள் அடக்கப்பட்டுவிட்டதாக மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் முறையிட்டனர். 2015இல் "வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்" என்ற பழியும் வந்தது. வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் ஓர் ஊர் காடாகிவிடும்!

இதனை நன்குணர்ந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். வடக்கு முஸ்லிம் அகதிகளை 'மறக்கப்பட்ட மக்கள்' எனக் குறிப்பிட்டு 2001இல் நூல் எழுதினார். 2018இல் அவர் காலமானார். அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக!

அவர் விட்ட பணியில் நமக்கும் பங்குண்டு. நம்மிடையே பல ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கே எழுதப்படுகிறது. உறுதியைச் சேலைக்குள் சுற்றிப் பாதுகாத்தவர்களும் பெண்களே. ஒழுங்கையின் பெயர், கிணறு இருந்த பக்கம், அயல் வளவுக்காரர், வேலியோரத்து மரம் எல்லாம் உம்மம்மாமாரின் நினைவில் உண்டு. அவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனவே இம்மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். உம்மம்மாவின் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். வளவின் எல்லைகளைப் படமாக வரையச் செய்யுங்கள். உறுதியிருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளையிடம் எவரேனும் "எந்த ஊர்?" என்று கேட்டால், அவன் தடுமாறாமல் இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லட்டும்.