மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு ரசிகர்தான்

"டி.வி. நடிகரைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறவர்கள் என்ன அரசியல் பேசப் போகிறார்கள்?" இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பியோ தங்கையோ தனக்குப் பிடித்த தொடரைப் பற்றி ஆர்வமாகப் பேச ஆரம்பித்தால் மூத்த தோழர் ஒருவர் சிரிக்கிறார். பேசியவர் வாயை மூடிக்கொள்கிறார். அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருவதில்லை.

தோழர்களே, அந்தச் சிரிப்போடுதான் நமக்குச் சண்டை.

அமெரிக்காவில் தொலைக்காட்சி ரசிகர்களுக்கென்றே மாநாடுகள் நடக்கின்றன. 'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1969இல் நிறுத்தப்பட்டது. 1972 ஜனவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் அதன் ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். இன்று அது பெரிய வியாபாரம். நுழைவுக்கு ஒரு கட்டணம், கையெழுத்துக்கு ஒரு கட்டணம், சேர்ந்து படம் எடுக்க இன்னொரு கட்டணம். ரசிகர் விடியற்காலையிலேயே வந்து கால் கடுக்க நிற்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் நடிகர், இந்தப் பக்கம் அவர். கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்பது மட்டும் வாயில் வருகிறது. அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

இதற்காகவா ஒரு நாள் கூலியை, ஒரு மாதச் சேமிப்பைச் செலவழிப்பது என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் இன்னொரு ரசிகரின் கதையைக் கேளுங்கள்.

'ஸ்டார் ட்ரெக்' 1966இல் தொடங்கியது. அதில் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பினப் பெண். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் என்றாலே வேலைக்காரி வேடம் என்றிருந்த காலம் அது. ஆனால் உஹுராவின் வசனங்கள் படப்பிடிப்புக்கு வருவதற்குள் குறைந்துகொண்டே போயின. தனக்கு வந்த ரசிகர் கடிதங்கள்கூடத் தன் கைக்கு வராமல் தடுக்கப்பட்டன என்று நிக்கோல்ஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேடை நாடகத்துக்குத் திரும்பும் ஆசையும் இருந்தது. முதல் பருவம் முடிந்ததும், விலகுகிறேன் என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டார்.

அந்த வார இறுதியில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் ஒன்று நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குப் போனார். "உங்கள் தீவிர ரசிகர் ஒருவர் உங்களைச் சந்திக்க வேண்டும் என்கிறார்" என்றார்கள். யாரோ ஒரு ரசிகப் பையன் என்று நினைத்துத் திரும்பினால், நின்றது மார்ட்டின் லூதர் கிங். பிள்ளைகள் இரவு விழித்திருந்து பார்க்கத் தன் வீட்டில் அனுமதி உள்ள ஒரே தொடர் அதுதான் என்று கிங் சொன்னாராம். விலகப் போகிறேன் என்று நிக்கோல்ஸ் சொன்னதும் கிங்கின் முகம் மாறியது. நீங்கள் போகக் கூடாது, எங்களை நாங்கள் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி உலகம் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறது என்ற பொருளில் வாதாடினார். திங்கட்கிழமை நிக்கோல்ஸ் விலகலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னாளில் மேடை மேடையாக அவரே சொன்ன கதை இது.

இந்தக் கிங் யார்? 1959இல் திருவனந்தபுரத்தில் நம் சேரிப் பிள்ளைகள் படித்த பள்ளியில், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர்' என்று தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ந்து, பிறகு தன் மக்களின் நிலையை யோசித்து, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஏற்றுக்கொண்ட மனிதர். அவருக்கு அரசியல் தெரியாதா? சிறையும் குண்டுவீச்சும் பார்த்தவருக்கு டி.வி. தொடர் அற்பமாகப் படவில்லை. நமக்கு ஏன் படுகிறது?

"அண்ணல் அம்பேத்கரே நாயக வழிபாட்டை எதிர்த்தாரே" என்கிறார்கள். எதிர்த்தார். 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் போகும் பாதை என்று எச்சரித்தார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நம் சுதந்திரத்தை அவர் காலடியில் வைக்காதே என்பதுதான் அதன் பொருள். கிங் நிக்கோல்ஸின் காலடியில் எதையும் வைக்கவில்லை. அவருடைய இருக்கைக்கு என்ன விலை என்பதை அவருக்கே எடுத்துச் சொன்னார். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவது பக்தி. நீ எழுந்துவிட்டால் அந்த இடம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது என்று நடிகரிடமே சொல்வது உரிமை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

"திரையில் ஒரு முகம் தெரிந்தால் போதுமா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. போதாது. நிக்கோல்ஸுக்கும் அது தெரியும். 1977இல் நாசா புதிய விண்வெளி வீரர்களைத் தேடியபோது, பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்ணப்பிக்க வைக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். 1978இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பினத்தவர். சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். திரையில் கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு நிஜ வாழ்க்கையின் கதவைத் தட்டினார் நிக்கோல்ஸ். அந்த இடமே இல்லாதவர் எதை வைத்துத் தட்டுவது?

ரசிகர் கூட்டம் புனிதமானது என்று நாம் சொல்லவில்லை. 2022இல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் மோசஸ் இங்ரம் என்ற கறுப்பின நடிகை நடித்தார். ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவருக்கு இனவெறிச் செய்திகளை அனுப்பிக் குவித்தார்கள். ஆதிக்கக்காரர்களுக்குத் திரையின் வலிமை நன்றாகத் தெரியும். தங்கள் வீட்டுத் திரையில் யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதற்கு அவர்கள் காவல் நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டு ஒதுங்குவது நாம்தான்.

இங்கேயும் அதே கதைதான். 2020இல் அம்பேத்கரின் வாழ்க்கைத் தொடர் கன்னடத்தில் மொழிமாற்றம் செய்யப்பட்டு ஒளிபரப்பானபோது, கர்நாடகக் கிராமங்களில் நம் மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டு அதற்கு பேனர் வைத்தார்கள். ஒளிபரப்பிய சேனலுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு டி.வி. தொடருக்கு எதற்கு பேனர் என்று கேட்டவர்கள், ஒரு டி.வி. தொடருக்கு எதற்கு மிரட்டல் என்று கேட்டார்களா?

தமிழுக்கு வருவோம். இரவு ஏழு மணிக்கு நம் அம்மாக்கள் பார்க்கும் தொடர்களில் கதாநாயகியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? அவள் வீட்டுச் சுவரில் யார் படம் தொங்குகிறது? தன் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் தயங்காமல் சொல்லும் சேரிப் பெண் ஒருத்தி நாயகியாக வந்த தொடரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நாள்தோறும் பார்த்து, அழுது, அந்தத் தொடர்களை வாழ வைப்பது நம் தெருக்கள். கதையில் மட்டும் நம் தெரு இல்லை. இதைக் கேட்காமல் தொடர் பார்ப்பவர்களைக் கேலி செய்வது யாருக்கு வசதி?

ஆகவே மாணவத் தோழர்களே, பிடித்த நடிகரைப் பார்க்கப் போங்கள். கல்லூரி விழாவுக்கோ கடைத் திறப்புக்கோ வந்தால் போய் நில்லுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிடைக்கும் அந்த அரை நிமிடத்தில் "உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நான் இந்தத் தெருவிலிருந்து வருகிறேன், உங்கள் தொடரில் எங்கள் தெரு எப்போது வரும்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள். வரிசையில் நிற்கும் நூறு பேரும் அதையே கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் போய் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாசிப்பு வட்டத்தில் சிரிக்கும் மூத்த தோழருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தத் தம்பியையும் தங்கையையும் திரும்பக் கூப்பிடுங்கள். என்ன தொடர், அதில் யார் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று கேளுங்கள். அடுத்த வாரக் கூட்டத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.