குயவன் இருந்தால் பானை பொய்யா?

உலகமே யாரோ கம்ப்யூட்டரில் ஓட்டும் சிமுலேஷன் என்று பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் பேசுகிறார்கள். நம்பும்படி இல்லையே என்றால், "பூமி சுத்துதுன்னு சொன்னப்பவும் யாரும் நம்பலையே தாத்தா" என்று பதில் வருகிறது.

மனசுக்கு ஒவ்வாத முடிவையும் சில சமயம் ஏற்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் பூமி சுற்றுவதை ஃபூக்கோ 1851இல் பாரிஸில் ஊசலைத் தொங்கவிட்டுக் கண்ணுக்கே காட்டினார். சிமுலேஷனுக்கு ஊசல் எங்கே? 2003இல் இந்த வாதத்தை எழுதிய நிக் போஸ்ட்ராமே அடித்துச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் செய்யுமுன் மனித இனம் அழிந்துவிடும், அல்லது செய்தாலும் முன்னோர் வாழ்க்கையை ஓட்டிப் பார்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள், அல்லது நாம் சிமுலேஷனில் இருக்கிறோம். மூன்றில் ஒன்று உண்மை என்றார். முதல் இரண்டையும் நம் பிள்ளைகள் விழுங்கிவிட்டார்கள்.

சரி, யாரோ செய்த உலகம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பொய்யாகிவிடுமா? 13ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்துப் பெண்ணாடத்து மெய்கண்டார், சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே உலகத்தைச் செய்தவன் உண்டு என்கிறார். உலகம் பொய் என்கிறாரா? இல்லை. மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றும் கூடி வந்த பானை மெய்யான பானை என்பதே சித்தாந்தம். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார் சித்தியார் பரபக்கத்தில் மாயாவாதியோடு மல்லுக்கே நிற்கிறார். (சங்கரராவது அன்றாட உலகத்துக்கு வியாவகாரிகம் என்று ஓர் இடம் கொடுத்தார். இந்தப் பிள்ளைகள் அதுவும் கொடுப்பதில்லை.)

பீங்கான் ஊரில் இதை விளக்கவும் வேண்டுமா? காய்ந்த களிமண்ணைக் கரைத்து மறுபடி பிசையலாம். சூளையில் 600 டிகிரி தாண்டினால் மண்ணோடு கட்டுண்ட நீரும் போய்விடும். பிறகு எத்தனை வருஷம் ஊறினாலும் சேறாகாது. அடியில் ஓடுவது வெறும் கணக்காகவே இருக்கட்டும், பீங்கான் ஃப்யூஸ் கட்டை மின்சாரத்தைத் தடுக்கிறதா இல்லையா?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். குவார்ட்ஸ் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். சிலிக்கோசிஸ் என்பார்கள், போன நுரையீரல் திரும்பாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி நிற்கிறார். அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருப் பையன், "விடுங்க தாத்தா, எல்லாமே சிமுலேஷன்தானே" என்றான். அந்த இருமலை எழுதியவன் எவனாக இருந்தால் என்ன, வலி இருமுகிறவருக்கு. தூளை நனைத்து அரைத்து, சரியான முகமூடியும் கொடுத்திருந்தால் அவர் இன்று இப்படி நின்றிருக்க மாட்டார்.

அந்தப் பையன் பீங்கான் டிப்ளமோதான் படிக்கிறான். அடுத்த வருஷம் அதே தூளுக்குள் போகப் போகிறான். நல்ல முகமூடி ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.